மேன்முறையீடு: ஒரு பெயரின் வேரும் மலையகத்து வழக்குகளும்

கொழும்பில் நீதிமன்றங்கள் கூடி நிற்கும் மேட்டை ஒல்லாந்தர் ஹல்ஸ்டோர்ப் என்றார்கள். 1656 இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஹல்ஃப்ட் என்ற தளபதியின் பெயர் அது. தமிழர் வாயில் அந்த இடம் புதுக்கடை. நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் ஒருவனுக்குத் தண்டனை விழுந்து, அதை ஒப்பாமல் வழக்கை மேலே கொண்டுபோனால், காகிதக்கட்டு மலையிறங்கி வந்து சேருவது இங்கேதான். வந்து சேரும் நீதிமன்றத்துக்கு மூன்று மொழியில் மூன்று பெயர். சிங்களத்தில் அபியாசனாதிகரணய, ஆங்கிலத்தில் கோர்ட் ஒஃப் அப்பீல், தமிழில் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

மூன்றும் ஒரே வேலையைக் குறிக்கின்றன. வேர்கள் மட்டும் வெவ்வேறு நிலத்தில் நிற்கின்றன. சிங்களப் பெயருக்குள் இருப்பது 'யாசன', நம் யாசகத்துக்கும் தாய்ச்சொல். இரந்து கேட்பது என்பது அதன் அடிப்பொருள். ஆங்கிலப் பெயர் லத்தீனின் 'அப்பெல்லாரே'யிலிருந்து வந்தது. ஒருவரை விளித்தல், பெயர் சொல்லி அழைத்தல் என்று அதற்குப் பொருள். தமிழ்நாட்டில் பொலிஸுக்குக் கொடுக்கும் 'புகார்' உருதுவின் 'புகார்'. அதுவும் கூப்பிடுதல்தான். ஆக, ஒரு மொழி இரக்கிறது, இரண்டு மொழிகள் கூவி அழைக்கின்றன. தமிழ்ப் பெயர் முறையை முன்னே வைக்கிறது.

முறை என்பது தமிழில் நெடுந்தூரம் நடந்த சொல். ஒழுங்கு முறை; வரிசை முறை; 'இது என் முறை' என்றால் என் தடவை; முறைமாமன், முறைப்பெண் என்றால் உறவு; அரசன் வழங்கினால் அதுவே நீதி. நீதி தவறிய இடத்தில் 'முறையோ!' என்று அலறுவதும் அதே சொல்லால். முறையை ஒருவர் முன் இடுவது முறையிடுதல். இடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ஈடு ஆகும்போது முறையீடு பிறக்கிறது. கெடு கேடு ஆவதும் சுடு சூடு ஆவதும் இந்த வழியில்தான். இலக்கணத்தார் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். இலங்கையில் பொலிஸில் கொடுக்கும் 'முறைப்பாடு' இதன் உடன்பிறப்பு. அங்கே படு, பாடு ஆகியிருக்கிறது.

இந்தச் சொல்லின் அழுத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இரப்பவனுக்குக் கிடைப்பது கருணை. முறையிடுகிறவன் கேட்பது, இருந்தாக வேண்டிய ஓர் ஒழுங்கு குலைந்துவிட்டது, அதை நேராக்கு என்பது. பாண்டியன் வாயிலில் கண்ணகி நின்றது இப்படித்தான். அவள் கொண்டுவந்தது ஏற்கெனவே நிறைவேற்றப்பட்ட ஒரு தண்டனைக்கு எதிரான முறையீடு. சாட்சியம் அவள் கையிலிருந்த மற்றொரு சிலம்பு. கோவலனிடமிருந்து பறித்த சிலம்பு உடைத்துப் பார்க்கப்பட்டது, தீர்ப்புத் தவறென்று மன்னனே ஒப்புக்கொண்டான், தண்டனையை மட்டும் திருப்பி எடுக்க வழியில்லை. மனுநீதிச் சோழன் கதையில் பசு அடித்ததும் ஆராய்ச்சி மணியைத்தான். இலங்கையில் ஊர்த்தலைவனுக்கு வழங்கிய 'ஆராச்சி' என்ற பட்டமும் இந்த ஆராய்ச்சியிலிருந்தே வந்தது என்பர்.

இனி மேல் என்ற முன்னொட்டு. தமிழ்நாட்டில் மேல்முறையீடு, இலங்கையில் மேன்முறையீடு. லகர ஈற்றின் பின் மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகத் திரியும் என்ற பழைய விதியை இலங்கைச் சட்டத் தமிழ் விடாமல் பிடித்திருக்கிறது. மேன்மக்கள், மேன்மாடம் போன்றவை அதே வார்ப்பு. ஆனால் அதே சட்டத் தமிழ் 'மேல் நீதிமன்றம்' என்று எழுதும்போது விதியை விட்டுவிடுகிறது. இந்தப் பெயர்களில் கடலுக்கு அப்பால் உள்ளவர்கள் இடறுவது வழக்கம். இலங்கையில் மேல் நீதிமன்றம் என்பது கொலை, கொலை முயற்சி போன்ற பாரிய வழக்குகளை விசாரிக்கும் இடம். நுவரெலியாவில் ஒன்று உண்டு. அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதன் பெயர் உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. கொழும்பு உயர் நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளிவிட்டது என்று படிக்கும் மதுரைக்காரர், இன்னும் ஒரு படி மிச்சமிருக்கிறது என்று நினைக்கலாம். மிச்சமில்லை.

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் மேன்முறையீடு என்ற பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கேட்டால் 'அப்பீல் போட்டிருக்கோம்' என்பார்கள். மகன் மறியலில் இருக்கிறான் என்றால் சிறையில் இருக்கிறான் என்று பொருள். விசாரணைக்கு முன் அடைத்து வைப்பது விளக்கமறியல். தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலையில் உட்காருவது. இங்கே அது கம்பிக்கு உள்ளே இருப்பது.

புதுக்கடையின் பெயர்களைத் தோட்டம் அறிவதற்கு வெகுகாலம் முன்பே தோட்டத்துக்கென்று ஒரு தண்டனைத் தமிழ் இருந்தது. அதில் மையச்சொல் 'பேர்'. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் போய், வருகைப் பதிவேடான செக்ரோலில் பதிவானால் அன்று ஒரு பேர். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். தோட்ட நிர்வாகியான துரைக்குக் கோபம் வந்தால் பேர் வெட்டு. வேலையை விட்டே நீக்கினால் பற்றுச்சீட்டு, வாய்மொழியில் பத்துச்சீட்டு. இந்தத் தண்டனைகளுக்கு எதிராக முறையிடும் படிகளும் தோட்டத்துக்குள்ளேயே முடிந்தன. கங்காணியிடம் சொல்வது, கணக்கப்பிள்ளையிடம் சொல்வது, சின்ன துரை, கடைசியில் ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்று பெரிய துரை. தண்டித்தவரும் அவர், மேன்முறையீட்டைக் கேட்பவரும் அவர். தோட்டத்துக்கு வெளியே இருந்த சட்டமோ 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம். சொல்லாமல் வேலையை விட்டுப் போனவனை அது குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது. கடனைத் தலையில் கட்டித் தொழிலாளியைப் பிணைத்து வைத்த துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது 1921 இல்தான்.

ஸ்டெலன்பர்க் வழக்கை இந்தப் படிக்கட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கண்டி மாவட்டத்தில் புப்புரஸ்ஸைப் பக்கம் உள்ள தேயிலைத் தோட்டம் அது. தோட்டத்தில் சங்கம் வளர்ந்திருந்த காலம். சங்கத்தில் முன்னின்றவரைத் தோட்டத்தைவிட்டு நீக்கும் தகராறு முற்றி, 1941 மே மாதத்தில் தோட்டத் துரை போப் கொல்லப்பட்டார். பலர் மீது வழக்கு வந்தது. முடிவில் ராமசாமி வீராசாமி, ஐயன்பெருமாள் வேலாய்தன் என்ற இருவர் 1942 இல் தூக்கிலிடப்பட்டார்கள். ஆங்கிலப் பதிவுகளில் இரண்டாமவர் பெயர் 'வேலைத்தேன்' என்று படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. வேலாயுதன் என்ற பெயரை வாய்மொழியில் வேலாய்தன் என்பது வழக்கம். அதை யாரோ ஓர் எழுத்தர் காதில் விழுந்தபடி ரோம எழுத்தில் குறித்திருக்க வேண்டும். தூக்குமேடை வரை அவரோடு போனது அந்த எழுத்துக்கூட்டுத்தான். தோட்டத்துப் பெயர்கள் பிறப்புப் பதிவிலும் செக்ரோலிலும் அடையாள அட்டையிலும் மூன்று விதமாகச் சிதைந்து கிடப்பதால் சேமலாப நிதிக்கும் வாக்குக்கும் அலைந்தவர்களை மலையகம் நன்றாக அறியும். நான் அவரை வேலாய்தன் என்றே எழுதுகிறேன்.

கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆனால் அதற்கு முன்னே, 1940 சனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தபோது நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விசாரணை ஆணைக்குழு உட்கார்ந்தது, சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் குடும்பத்துக்காக வாதாடினார். அரசாங்கத்தில் நெருக்கடி எழுந்தது. சுட்டவர் யாரும் தூக்கு மேடை ஏறவில்லை. முல்லோயாவுக்குப் பின் ஸ்டெலன்பர்க்கில் நின்ற தொழிலாளிக்கு, முறையிட்டால் முறை கிடைக்கும் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

அந்த நாளில் கொலை வழக்குக்கு மேன்முறையீடு என்ற வழியே புதிது. யூரர், அதாவது ஜூரிகள், முன் நடந்த பாரிய குற்றவழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் மேலே போக இலங்கையில் ஒரு தனி நீதிமன்றம் வந்தது 1938 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று பெயர். ஸ்டெலன்பர்க் சம்பவத்தின்போது அதற்கு வயது மூன்று. அதற்கும் மேலே, கடல் கடந்து, இலண்டனில் கோமறைக் கழகம் இருந்தது. அதைத் தமிழ்நாட்டார் பிரிவி கவுன்சில் என்பர். கோவின் மறை, அதாவது மன்னனின் அந்தரங்க ஆலோசனை என்ற பொருளில் இலங்கைத் தமிழ் ஆக்கிக்கொண்ட அழகான பெயர் இது.

அந்தக் கோமறைக் கழகத்தை மலையகம் இருமுறையேனும் தொட்டது. முதலாவது செல்வநாயகம் வழக்கு, 1950. வேலையிலிருந்து நீக்கப்பட்ட தோட்ட ஊழியர் ஒருவர் குடியிருப்பை விட்டுப் போகவில்லை. அத்துமீறல் குற்றம் என்று வழக்கு. வீட்டை விட்டுப் போகாதது துரையை எரிச்சலூட்டும் எண்ணத்தோடா, வேறு போக்கிடம் இல்லாததாலா என்பதே கேள்வி. எரிச்சல் ஏற்படும் என்று தெரிந்திருப்பது வேறு, எரிச்சலூட்டவே தங்குவது வேறு. முதன்மையான எண்ணம் எதுவென்று பார்க்க வேண்டும் என்ற வழியில் அந்தத் தீர்ப்பு போனது. இன்றும் அத்துமீறல் வழக்குகளில் சட்டத்தரணிகள் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டாவது கோடக்கன்பிள்ளை வழக்கு, 1953. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத்தாலும் வாக்கிழந்த மக்களுக்காகப் போன மேன்முறையீடு அது. கோமறைக் கழகம் தள்ளுபடி செய்தது. ஒரு சமூகம் முழுவதற்கும் விழுந்த தண்டனைக்கு எதிரான முறையீடு என்றுதான் அதை நான் எண்ணுகிறேன்.

செல்வநாயகம் வழக்கில் முன்னுக்கு வந்த 'எண்ணம்' என்ற சொல்லிடம்தான் கொலை முயற்சி வழக்குகளும் நிற்கின்றன. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் வந்தது. அதன் 300 ஆம் பிரிவு கொலை செய்ய எத்தனித்தல் பற்றியது. காயம் ஏற்பட்டிருந்தால் 20 ஆண்டு வரை சிறை. 32 ஆம் பிரிவு பொது எண்ணம் பற்றியது: பலர் பொதுவான எண்ணத்தோடு செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் தானே தனியாகச் செய்ததுபோலப் பொறுப்பு. வெட்டியவன் ஒருவன் என்றாலும் கூட நின்ற நால்வரும் வெட்டியவராவர். ஒரே மாதிரி எண்ணம் ஐந்து பேருக்கு இருப்பது போதாது. அது ஐவரும் பகிர்ந்துகொண்ட எண்ணமாக இருக்க வேண்டும் என்பதை 1948 ஆம் ஆண்டு அசப்பு வழக்கில் யூரருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். இந்த வேறுபாடு காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. லயத்து வாசலில் அவ்வளவு தெளிவில்லை.

ஒரு லயத்தில் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது அறைகள். ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் மற்ற வீடுகள் வாசலுக்கு வந்துவிடும். வராமல் இருக்கத்தான் காரணம் வேண்டும். வேலை முடிந்து வருகிறவன் கையில் கவ்வாத்துக் கத்தி இருக்கும். தேயிலைச் செடியை வெட்டிச் சீர் செய்யும் கத்தி அது, அவன் பிழைப்பு. சண்டை நடந்த இடத்தில், கையில் கத்தியோடு, உறவுக்காரன் பக்கத்தில் நின்றான் என்று மூன்று பேர் சாட்சி சொன்னால் பொது எண்ணத்துக்கு வேண்டிய எல்லாமே வெளிப்பார்வைக்குச் சேர்ந்துவிடுகின்றன. ஏன் நின்றான், ஏன் கத்தி வைத்திருந்தான் என்பதை அவன் தன் மொழியில் சொல்லி, உரைபெயர்ப்பாளர் அதைச் சிங்களமாக்கி, பதிவேட்டில் ஏறும்போது அதில் எவ்வளவு மிஞ்சுகிறது? வடக்கு, கிழக்கு நீங்கலான இடங்களின் விசாரணை நீதிமன்றங்களில் நடவடிக்கை மொழி சிங்களம். தமிழரே பெரும்பான்மையாகக் கூண்டில் நிற்கும் நாளிலும் நுவரெலியாவில் அதுதான்.

தண்டனை விழுந்த பின் மூன்று கதவுகள் உண்டு. ஒன்று மேன்முறையீடு. அடுத்தது மீளாய்வு, கீழுள்ள நீதிமன்றம் செய்த பிழையை அதற்கு மேலுள்ள நீதிமன்றம் தன் அதிகாரத்தால் மறுபடி ஆய்வது. கடைசிக் கதவு அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி கொடுக்கும் மன்னிப்பு அல்லது தண்டனைக் குறைப்பு. தூக்குத்தண்டனை 1976 க்குப் பின் நிறைவேற்றப்படவில்லை என்பதால் மரண தண்டனை பெற்றவர்கள் பலருக்கு ஆயுள் மிஞ்சுவது இந்த மூன்றாம் கதவால். பெயர்களைக் கவனியுங்கள். முதல் இரண்டிலும் முறை, ஆய்வு என்ற சொற்கள் இருக்கின்றன. மூன்றாவதில் இரப்பு மட்டுமே.

நாலாவதாக ஒரு கதவு வேறு நாடுகளில் உண்டு. இலங்கைத் தமிழில் அதற்கு நிலைத்த பெயர்கூட இல்லை: தண்டனையை மறுபடி விதிக்கக் கேட்பது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கூட நின்றவனையும் கொன்றவனாகவே எண்ணித் தண்டித்த பழைய கோட்பாட்டை 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் குறுக்கியது. முன்பே தண்டனை பெற்று உள்ளே இருப்பவரும் விண்ணப்பித்தால் அவர் தண்டனை மறுபடி எடைபோடப்பட வேண்டும் என்றது. 2022 சனவரியிலிருந்து கொலை முயற்சிக் குற்றத்துக்கும் அது விரிந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பை எதிர்த்தே மேன்முறையீடு செய்யலாம். அப்படி வரும் வழக்குகளில் அங்குள்ள மேல்மன்றங்கள் மும்முரமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் 2016 இல் ஜோகி வழக்கு, கூட்டுக் குற்றம் பற்றிய சட்டம் 1984 இலிருந்து தவறான பாதையில் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய கைதிகளுக்குக் கதவை எளிதில் திறக்கவில்லை. பெரும் அநீதி நடந்ததைக் காட்டினால்தான் காலம் கடந்த மேன்முறையீட்டுக்கு அனுமதி.

இலங்கையில் மறுபடி எடைபோடக் கேட்டவர் கதி என்ன என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு போதும். கிழக்கு மாகாணத்துக் கூலித் தொழிலாளி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995 இல் 50 ஆண்டு கடூழியச் சிறை. அவருக்கு எதிராக இருந்த சாட்சியத்தின் மையம் ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அவர் பேசியது தமிழ். வாக்குமூலம் எழுதப்பட்டது சிங்களத்தில். மேன்முறையீட்டில் 1999 இல் 50 ஆண்டு 35 ஆனது. உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அவர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவுக்குப் போனார். 2004 இல் குழு அவர் பக்கம் நின்று, விடுதலையோ மறுவிசாரணையோ தேவை என்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தன் குற்றத்தீர்ப்பையும் தண்டனையையும் மறுபடி பார்க்கும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்டார். 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு மறுத்தது. அந்தக் குழுவிடம் தனிமனிதர் முறையிட வழிசெய்த உடன்படிக்கையில் 1997 இல் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஒரு தொழிலாளியின் முறையீட்டுக்குப் பதிலாக, முறையிடும் வழியே அடைபட்டது.

அந்த முறையீட்டைக் கூத்து அறியும். மலையகத்தின் காமன் கூத்தில் மாசியில் காமன் எரிவான். தவத்தைக் கலைத்ததற்குச் சிவன் கொடுத்த தண்டனை. ரதி அழுது முறையிடுவாள். எரிந்தவனை எழுப்பும் சடங்கு பின்னால் வரும். ரதி கேட்பது காமன் குற்றமற்றவன் என்ற தீர்ப்பை இல்லை. அம்பு விட்டது அவன்தான். ஏவியவர்கள் தேவர்கள், தண்டனை அவனுக்கு மட்டும், அது அளவுக்கு மிஞ்சியது என்பதே அவள் வழக்கு. தோட்டத்துச் சனங்கள் விடிய விடியக் குளிரில் உட்கார்ந்து பார்ப்பது, சட்ட மொழியில் சொன்னால், தண்டனையை மறுபடி விதிக்கக் கேட்கும் விண்ணப்பத்தை. அதை ஏற்றுக்கொள்ளும் மனம் இந்த மக்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. சட்டப் புத்தகத்தில்தான் அதற்குப் பக்கம் இல்லை. எனக்குப் பெயர் வைக்கும் உரிமை இருந்தால் 'மீள்முறையீடு' என்பேன். மீளாய்வில் ஆய்கிறவர் நீதிபதி. மீள்முறையீட்டில் பேசுகிறவர் உள்ளே இருப்பவர். பொது எண்ணத்தின் பேரில் நீண்ட தண்டனை அனுபவிக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வாய்ப்பைச் சட்டமாக எழுத வேண்டும். நாடாளுமன்றத்தில் மலையகப் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய திருத்தம் இது.

அது வரும்வரை இருக்கிற வழியையாவது தவறவிடக் கூடாது. மேல் நீதிமன்றம் தண்டனை சொன்ன நாளிலிருந்து 14 நாளுக்குள் மேன்முறையீடு போய்ச் சேர வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதைச் சொல்கிறது. காசு இல்லை, சட்டத்தரணி இல்லை, கொழும்புக்குப் போக ஆளில்லை என்று அந்த 14 நாளைக் கழியவிட்டவர்கள் உண்டு. சிறையில் இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடம் அந்தக் காலத்துக்குள் கொடுத்தாலே போதும். அனுப்பி வைப்பது அவர் கடமை. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி அதைத் தமிழிலேயே எழுதலாம். வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், தண்டனைத் திகதி, தண்டனையை ஏன் ஒப்பவில்லை என்ற காரணம், முழுப்பெயர். வேலாயுதன் என்பது பெயரானால் வேலாயுதன் என்றே.